பாம்பு வளர்ப்புக் கூண்டு

பாம்பு வளர்ப்புக் கூண்டு என்பது மனிதரின் பராமரிப்பில் வாழும் பாம்பு தங்குவதற்காக அமைக்கப்படும் மூடிய இருப்பிடம் ஆகும். உயிரியல் பூங்கா, பாம்புப் பண்ணை, நஞ்சு எடுக்கும் நிலையம், வீடு என இது எங்கு அமைந்தாலும் இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டும். பாம்பு வெளியேறாமல் தடுப்பது முதல் வேலை. நிலத்தடி வளை பாம்புக்குத் தருகின்ற இருள், ஈரம், அளவான வெப்பம் ஆகியவற்றைப் பெட்டிக்குள் தருவது இரண்டாவது வேலை. கடையில் கிடைக்கும் பெரும்பாலான பெட்டிகள் முதல் வேலையை நன்றாகச் செய்கின்றன. பாம்பு நோயுறுவதும் இறப்பதும் இரண்டாவது வேலை தவறுவதால்தான்.

சேலம், நாமக்கல் சமவெளியைப் பொறுத்தவரை இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பாம்பு வளர்ப்புக் கையேடுகள் பெரும்பாலும் குளிர் நாடுகளில் எழுதப்பட்டவை. பெட்டியை எப்படிச் சூடாக்குவது என்பதிலேயே அவை பாதிப் பக்கங்களைச் செலவிடுகின்றன. சித்திரை, வைகாசி மாதங்களில் சேலத்தில் வெப்பம் 38 பாகை செல்சியசைத் தாண்டுவது வழக்கமானது. அந்த மாதங்களில் இங்கு வேண்டியது பெட்டியைக் குளுமையாக வைக்கும் வழி.

எந்தப் பாம்பு?

கூண்டின் அளவைப் பற்றிப் பேசுவதற்கு முன் எந்தப் பாம்புக்குக் கூண்டு என்பதைத் தீர்மானிக்க வேண்டும். இந்தியாவில் இதற்குச் சட்டமே பாதி விடையைத் தந்துவிடுகிறது.

இந்தியக் காடுகளிலும் வயல்களிலும் இயற்கையாக வாழும் பாம்புகளை 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பாதுகாக்கிறது. சாரை, நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டு விரியன், தண்ணீர்ப் பாம்பு, மண்ணுளி, மலைப்பாம்பு ஆகியவற்றை வனத்துறையின் அனுமதியின்றிப் பிடிப்பதும், அடைத்து வைப்பதும், விற்பதும் குற்றம். நஞ்சுள்ளது, நஞ்சற்றது என்ற வேறுபாடு இதில் கிடையாது. மலைப்பாம்பு இச்சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. 2022இல் திருத்தப்பட்ட சட்டப்படி, முதல் அட்டவணை உயிரினம் தொடர்பான குற்றத்திற்கு 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையும் 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்கப்படலாம்.

மண்ணுளிப் பாம்பைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். வால் மழுங்கித் தலைபோல் தோன்றுவதால் 'இருதலைப் பாம்பு' என்று அழைக்கப்படும் இதை வீட்டில் வைத்தால் செல்வம் சேரும் என்று சொல்லி ஏமாற்றும் கும்பல்கள் தமிழகத்தின் பல மாவட்டங்களிலும் பிடிபட்டிருக்கின்றன. அதற்கு இரண்டு தலை கிடையாது, மருந்து குணமும் கிடையாது. தளர்ந்த மண்ணுக்குள் புதைந்து வாழும் சாதுவான உயிரினம் அது. அதைப் பாத்திரத்திலும் கண்ணாடித் தொட்டியிலும் ஒளித்து வைப்பவர்கள் தங்கள் பணத்தையும் பாம்பின் உயிரையும் ஒருசேர இழக்கிறார்கள்.

எஞ்சியிருப்பவை வெளிநாட்டுப் பாம்புகள். இவற்றுள் பரவலாக வளர்க்கப்படுபவை மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பந்து மலைப்பாம்பும், வட அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்த சோளப்பாம்பும் ஆகும். இரண்டும் நஞ்சற்றவை. பன்னாட்டு வணிக ஒப்பந்தப் பட்டியலில் உள்ள உயிரினங்களைத் திருத்தச் சட்டம் நான்காம் அட்டவணையில் சேர்த்தது. பந்து மலைப்பாம்பு அவற்றுள் ஒன்று. 2024 பிப்ரவரியில் வெளியான விதிகளின்படி, இவற்றை வைத்திருப்போர் பரிவேஷ் இணையத்தளம் வழியாக மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் பதிவு செய்ய வேண்டும். சோளப்பாம்பு அந்த ஒப்பந்தப் பட்டியலில் இல்லை. எனினும் வெளிநாட்டிலிருந்து எந்தப் பாம்பைக் கொண்டுவரவும் இறக்குமதி அனுமதி வேண்டும்.

அனுமதியில்லாமல் வரும் பாம்புகள் எப்படி வருகின்றன என்பதற்கு நாமக்கல்லை அடுத்துள்ள திருச்சிராப்பள்ளி விமான நிலையமே சான்று. 2023 ஜூலை இறுதியில் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பயணியின் பெட்டியைச் சுங்கத்துறையினர் திறந்தபோது, துளையிட்ட சிறு டப்பாக்களுக்குள் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் இருந்தன. இப்படி நெரிசலில் பயணம் செய்து தப்பி வரும் பாம்பு, நீரிழப்போடும் உண்ணிகளோடும் வாங்குபவர் கைக்கு வந்து சேர்கிறது. விற்பவரிடம் பதிவுச் சான்று இல்லையென்றால் கூண்டு வாங்கும் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது.

ஆயுளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நல்ல பராமரிப்பில் பந்து மலைப்பாம்பு 20 முதல் 30 ஆண்டுகள் வாழும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் உயிரியல் பூங்காவில் 60 வயதைத் தாண்டிய பந்து மலைப்பாம்பு ஒன்று 2020இல் முட்டையிட்டது. பத்தாம் வகுப்பு மாணவர் ஆசைப்பட்டு வாங்கும் பாம்பு, அவருடைய கல்லூரி, வேலை, திருமணம் எல்லாவற்றையும் கடந்து உடன் வரும். விடுதிக்கும் வெளியூருக்கும் போகும்போது கூண்டு யார் பொறுப்பில் இருக்கும் என்பதை வாங்கும் முன்பே வீட்டில் பேசி முடிவு செய்ய வேண்டும்.

புற்றும் வளையும்

கரையான் எடுத்த புற்றில் பாம்பு குடியேறுவதைச் சுட்டும் பழமொழியைத் தமிழர் அனைவரும் அறிவர். பாம்பு ஏன் அங்கே போகிறது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பாம்பால் தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாது. வெயிலிலும் சூடேறிய கல்லிலும் கிடந்து வெப்பத்தைப் பெறுகிறது. போதுமான அளவு கிடைத்ததும் நிழலுக்கும் வளைக்கும் போய்விடுகிறது. மண்ணுக்குள் ஓரிரு அடி ஆழத்தில் பகலுக்கும் இரவுக்கும் இடையிலான வெப்ப வேறுபாடு வெகுவாகக் குறைந்துவிடும். அங்கே ஈரமும் தங்கும், இருளும் உண்டு. உடலின் எல்லாப் பக்கமும் சுவரைத் தொட்டுக்கொண்டு சுருண்டு கிடக்க முடியும்.

பந்து மலைப்பாம்பும் தன் சொந்த நாட்டில் எலி வளைகளிலும் கரையான் புற்றுகளிலும்தான் பகலைக் கழிக்கிறது. ஆகவே விசாலமான, வெளிச்சமான, நாற்புறமும் கண்ணாடியாலான தொட்டி மனிதக் கண்ணுக்கு அழகாகத் தோன்றினாலும் பாம்புக்கு அது நடுத்தெருவில் படுப்பதற்கு ஒப்பானது. வாங்கிவந்த பாம்பு மாதக்கணக்கில் இரை எடுப்பதில்லை என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

பிடாரன் கூடையும் இருளர் பானையும்

தமிழ்நாட்டில் பாம்பை அடைத்து வைப்பதற்கு இரண்டு பழைய முறைகள் இருந்தன. ஒன்று பிடாரன் கூடை. மூங்கிலால் முடைந்த வட்டமான, தட்டையான அக்கூடையில் நல்ல பாம்பு நாள் முழுவதும் சுருண்டு கிடக்கும். தண்ணீர் கிடையாது, வெப்பத்திலிருந்து விலகிச் செல்ல இடமும் கிடையாது. நச்சுப்பற்கள் பிடுங்கப்பட்ட வாய் புண்ணாகிச் சில வாரங்களில் பாம்பு இறந்துபோகும். பிடாரன் வேறொன்றைப் பிடித்துக்கொள்வார். சட்டம் வந்தபின் இந்த வித்தை பெரும்பாலும் மறைந்துவிட்டது.

மற்றொன்று இருளர்களின் மண்பானை. பாம்புத்தோல் வணிகத்திற்குத் தடை வந்தபின், பாம்பு பிடிப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த இருளர்களுக்காக 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில், சென்னை முதலைப் பண்ணை வளாகத்திற்குள் இச்சங்கம் இயங்குகிறது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கிலிருந்தும் இங்கு எடுக்கப்படும் நஞ்சு, இந்தியாவில் நஞ்சுமுறிவு மருந்து தயாரிக்கும் நிறுவனங்களுக்குச் செல்கிறது. ஆண்டுக்கு எத்தனை பாம்புகளைப் பிடிக்கலாம் என்பதை வனத்துறை வரையறுக்கிறது.

பிடித்துவரும் பாம்புகள் மணல் இட்ட மண்பானைகளில் விடப்படுகின்றன. பானையின் வாய் மெல்லிய பருத்தித் துணியால் மூடிக் கட்டப்படுகிறது. வாரம் ஒருமுறை வீதம் நான்கு முறை நஞ்சு எடுத்தபின், வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுப் பாம்பை மீண்டும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அடையாளம் இருப்பதால் அதே பாம்பு உடனே மறுபடி பிடிபட்டாலும் தெரிந்துவிடும்.

மேலோட்டமாகப் பார்த்தால் கூடையைப் போலவே பானையும் சிறியதுதான். ஆனால் பானைக்குள் இருள் உண்டு. மண்சுவர் வெயில் வெப்பத்தை மெதுவாகவே உள்ளே விடுகிறது. ஈரம் பட்டால் அது கசிந்து ஆவியாகிப் பானையைக் குளிர்விக்கிறது. துணி வழியே காற்று போய்வருகிறது. பாம்பு மூக்கால் முட்டினாலும் துணி காயப்படுத்துவதில்லை. புற்றின் குணங்களில் பல அந்தப் பானையில் இருக்கின்றன. தலைமுறை தலைமுறையாகப் பாம்பின் வளையைத் தோண்டிப் பார்த்தவர்களின் அறிவு அது. சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

எனினும் பானையில் பாம்பு தங்குவது ஒரு மாத அளவுதான். இருபது ஆண்டு வாழப்போகும் பாம்பைப் பானையிலோ அந்த அளவுள்ள டப்பாவிலோ வைத்திருப்பது, பயணியர் விடுதி அறையில் ஒருவரை ஆயுள் முழுவதும் அடைப்பது போன்றது. நீண்டகாலக் கூண்டுக்கு முன்மாதிரி தேடுபவர்கள் 1972 முதல் கிண்டியில் இயங்கும் சென்னைப் பாம்புப் பண்ணைக்குப் போய்ப் பார்க்கலாம். ராமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய அப்பண்ணையில் பாம்பை மட்டும் பார்த்துவிட்டு வராமல், ஒவ்வோர் அடைப்பிலும் தண்ணீர் எங்கே, ஒளிவிடம் எங்கே, காற்று எவ்வழியே வருகிறது என்று கவனித்தால் கையேட்டில் இல்லாத பலவும் விளங்கும்.

அளவு

பாம்பு தன் உடலை முழுவதும் நீட்டிப் படுக்கும் அளவுக்குக் கூண்டு நீளமாக இருக்க வேண்டும். பாம்பு எப்போதும் சுருண்டே கிடப்பதால் சிறிய பெட்டி போதும் என்ற கருத்து வணிக முறையில் பாம்பைப் பெருக்குபவர்களிடம் இன்றும் இருக்கிறது. இரவில் கவனித்தால் பாம்பு கூண்டின் நீளம் முழுவதும் ஊர்ந்து திரிவதைக் காணலாம். இரை செரிக்கவும், கழிவு வெளியேறவும், தசை தளராமல் இருக்கவும் அந்த அசைவு தேவை.

வளர்ந்த பந்து மலைப்பாம்பும் சோளப்பாம்பும் பொதுவாக 3 முதல் 5 அடி நீளம் இருக்கும். இவற்றுக்கு 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் என்பது நியாயமான தொடக்க அளவு. 5 அடியை எட்டும் பாம்புக்குக் கூண்டும் அதற்கேற்ப நீள வேண்டும். சோளப்பாம்பு ஏறக்கூடியது; அதற்கு ஒரு மரக்கிளையும் சற்றுக் கூடுதல் உயரமும் பயன்படும். குட்டியைப் பெரிய கூண்டில் விடுவதில் தவறில்லை. ஆனால் ஒளிவிடங்கள் நிறைய இருக்க வேண்டும். இல்லையெனில் அது மிரண்டு இரையை மறுக்கும். ஒரு கூண்டில் ஒரு பாம்பு என்பதே முறை. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று கிடப்பது பாசத்தினால் அன்று; நல்ல இடம் ஒன்றே ஒன்று இருப்பதால்தான்.

எந்தப் பொருளில் செய்வது?

நாமக்கல்லில் கோழிக்கூண்டு செய்யும் பட்டறைகளுக்குக் குறைவில்லை. கம்பிவலைக் கூண்டு மலிவாகவும் விரைவாகவும் கிடைக்கும் என்பதால் அதையே பாம்புக்கும் பயன்படுத்தலாம் என்று தோன்றும். அது கூடாது. வெளியேற வழிதேடிப் பாம்பு கம்பியில் மூக்கைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். முகச் செதில்கள் உரிந்து புண்ணாகி, புண் வாய்க்குள் பரவும். நாற்புறமும் காற்று புகுவதால் ஈரமும் நிற்காது.

மீன் தொட்டியாகச் செய்த கண்ணாடிப் பெட்டியைப் பலர் பயன்படுத்துகிறார்கள். கழுவ எளிது, உள்ளே தெளிவாகத் தெரியும். ஆனால் மேற்புறம் முழுவதும் வலை போட்டால் ஈரம் மேலேறிப் போய்விடும். பின்புறமும் பக்கவாட்டும் அட்டை ஒட்டி மறைத்து, வலையின் பெரும்பகுதியை மூடினால் ஓரளவு சரியாகும். சன்னல் வெயில் நேராக விழும் இடத்தில் கண்ணாடித் தொட்டியை ஒருபோதும் வைக்கக் கூடாது. பூட்டிய காரைப் போல உள்ளே வெப்பம் சிக்கிக்கொண்டு, சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்தான அளவை எட்டிவிடும்.

ஒட்டுப்பலகைக் கூண்டை உள்ளூர்த் தச்சரே செய்து தருவார். வெப்பத்தை நன்றாகத் தடுக்கும். ஆனால் ஈரம் பட்டால் உப்பும், இடுக்குகளில் உண்ணிகள் ஒளியும். உள்பக்கம் முழுவதும் நீர்புகாப் பூச்சு அடித்து, மூலைகளை அடைத்து, பூச்சின் வாடை முற்றிலும் நீங்கும்வரை பல நாள் காயவிட வேண்டும். முன்பக்கம் நகரும் கண்ணாடிக் கதவுகள் கொண்ட பிவிசி பலகைக் கூண்டு விலை கூடுதல் என்றாலும், இந்தப் பகுதியின் தட்பவெப்பத்திற்கு மிகவும் ஏற்றது அதுவே. முன்பக்கம் திறக்கும் கூண்டில் இன்னொரு நன்மையும் உண்டு. மேலிருந்து கை இறங்கினால் பருந்து பாய்வதாகப் பாம்பு அஞ்சும். முன்னிருந்து வரும் கையை அது எளிதில் பழகிக்கொள்ளும்.

வெப்பம்

கூண்டு முழுவதும் ஒரே வெப்பமாக இருப்பது தவறு. ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளுமையாகவும் இருந்தால்தான் பாம்பு தனக்கு வேண்டியதைத் தேர்ந்துகொள்ள முடியும். பந்து மலைப்பாம்புக்குச் சூடான பக்கம் 31 முதல் 33 பாகை செல்சியசும், குளுமையான பக்கம் 25 முதல் 27 பாகையும் பொருந்தும். சோளப்பாம்புக்கு இரு பக்கமும் சற்றுக் குறைவாக இருக்கலாம்.

மார்கழி, தை மாதங்களில் சேலத்தில் விடியற்காலை வெப்பம் 20 பாகைக்குக் கீழ் இறங்கும். அந்த வாரங்களில் இரை விழுங்கிய பாம்பு குளிரில் கிடந்தால், இரை செரிக்காமல் வயிற்றிலேயே அழுகிப் பாம்பு அதைக் கக்கிவிடும். ஒரு பக்கத் தரையின் அடியில் வெப்பப் பாய் வைக்கலாம். ஆனால் தெர்மோஸ்டாட் இல்லாமல் கூடாது. தோல் சுடுவதைப் பாம்பு உடனே உணர்ந்து விலகாது. வயிறு வெந்த பிறகே காயம் வெளியே தெரியும். முட்டைப் பொரிப்பானில் பயன்படும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி இந்த வேலைக்கும் பொருந்தும்.

கோடைதான் உண்மையான சோதனை. கான்கிரீட் கூரைக்குக் கீழ் உள்ள மாடி அறையில், பகல் முழுவதும் வாங்கிய வெப்பம் இரவிலும் இறங்கிக்கொண்டே இருக்கும். தகரம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை இன்னும் மோசம். அறையின் வெப்பமே 35 பாகையாக இருந்தால் கூண்டில் குளுமையான பக்கம் எங்கிருந்து வரும்? வெப்பப் பாயை நிறுத்துவதோடு வேலை முடிந்துவிடாது. மின்விசிறியும் உதவாது. விசிறிக் காற்று வியர்வையை ஆவியாக்கித்தான் மனிதரைக் குளிர்விக்கிறது. பாம்புக்கு வியர்வை கிடையாது.

எனவே வீட்டில் கூண்டு வைக்கும் இடமே முதல் குளிர்சாதனம். தரைத்தளத்தில், மேற்குச் சுவரை ஒட்டாத, வடக்குப் பார்த்த அறையில், தரையை ஒட்டியே கூண்டை வைக்க வேண்டும். சேலம் பகுதியில் பங்குனி, சித்திரை மாதக் காற்று வறண்டிருப்பதால் நீர் ஊற்றும் ஏர் கூலர் நன்றாக வேலை செய்யும். அறைக்கு ஈரமும் சேரும். நண்பகலில் ஈரச் சாக்கைக் கூண்டின் ஒரு பாதியின்மேல் போடலாம். உறைந்த தண்ணீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி, ஒரு முனையில் பாம்பின் உடல் நேரடியாகப் படாதவாறு வைக்கலாம். மின்வெட்டு வந்தால் கைகொடுப்பது இந்தக் கடைசி இரண்டும்தான்.

கூண்டின் இரு முனைகளிலும், தரை மட்டத்தில், இரண்டு வெப்பமானிகள் கட்டாயம் வேண்டும். மனிதத் தோலின் கணிப்பை நம்பக் கூடாது. பாம்பு வாயைத் திறந்து மூச்சு விடுவதும், சுவரோரம் ஓயாமல் அலைவதும், தண்ணீர்ச் சட்டியிலேயே மணிக்கணக்கில் கிடப்பதும் வெப்பம் மிகுந்ததன் அறிகுறிகளாக இருக்கலாம். தண்ணீரில் கிடப்பதற்கு உண்ணியும் காரணமாகலாம். தண்ணீரில் மிளகுத்தூள் போலச் சிறு கரும்புள்ளிகள் மிதந்தால் அது உண்ணிதான். வாய் திறந்து மூச்சுவிடுதலோடு சளி வழிந்தால் அது நுரையீரல் தொற்று. கால்நடை மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

ஈரமும் தரையும்

தோல் உரிக்கும் காலத்தில் பாம்பின் கண் நீலம் பூத்ததுபோல் மங்கும். அப்போது ஈரம் போதாவிட்டால் சட்டை முழுதாகக் கழலாமல் துண்டு துண்டாக ஒட்டிக்கொள்ளும். கண்மேல் உள்ள படலம் தங்கிவிட்டால் பார்வைக்கே கேடு. பந்து மலைப்பாம்புக்குச் சுமார் 60 விழுக்காடு ஈரப்பதம் வேண்டும், சோளப்பாம்புக்கு அதைவிடக் குறைவாக இருந்தாலும் போதும். அதே நேரத்தில் தரை சொதசொதவென்று இருந்தால் வயிற்றுச் செதில்கள் அழுகும். காற்று ஈரமாகவும் தரையின் மேற்பரப்பு உலர்ந்தும் இருக்க வேண்டும் என்பதுதான் இதிலுள்ள நுட்பம்.

இதற்கு ஏற்ற பொருள் கையருகிலேயே இருக்கிறது. பரமத்திவேலூர், மோகனூர்ப் பக்கம் தென்னைக்குக் குறைவில்லை. அதன் நார்க்கழிவு அடியில் ஈரத்தை வைத்துக்கொண்டு மேலே உலர்ந்து நிற்கும். உப்பு நீங்க நன்றாக அலசி, பிழிந்து, இரண்டு மூன்று அங்குலம் பரப்ப வேண்டும். மர அறுவை ஆலைத் தூள் வேண்டாம். பைன், தேவதாரு, தைலமரம் போன்றவற்றின் எண்ணெய் வாடை பாம்பின் மூச்சுக்குக் கேடு. புதிதாக வந்த பாம்புக்கு மட்டும் முதல் சில வாரங்கள் செய்தித்தாளே சிறந்தது. கழிவின் தன்மையும் உண்ணியும் அதில் உடனே தெரியும்.

சுற்றிப் படுக்கும் அளவு அகலமும், கவிழாத கனமும் உள்ள மண்சட்டியில் நாள்தோறும் புதுத் தண்ணீர் வைக்க வேண்டும்.

ஒளிவிடம்

சூடான பக்கத்தில் ஒன்று, குளுமையான பக்கத்தில் ஒன்று என இரண்டு ஒளிவிடங்களாவது வேண்டும். ஒன்றே இருந்தால், வெப்பம் வேண்டுமா பாதுகாப்பு வேண்டுமா என்று பாம்பு ஒன்றை விட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்க நேரிடும். பாம்பு எப்போதும் பாதுகாப்பையே தேர்ந்து, செரிமானத்தை இழக்கும். ஒளிவிடம் இறுக்கமாக, சுருண்ட உடலின் முதுகு மேற்சுவரில் படுமாறு இருக்க வேண்டும். சந்தையில் வாங்கிய சிறு மண்பானையைக் கவிழ்த்து, விளிம்பில் ஒரு வாயில் உடைத்து, ஓரங்களைக் கல்லில் தேய்த்து மழுங்கடித்தால் போதும். கடையில் விற்கும் வண்ணக் குகைகளைவிட இதுவே குளுமையானது. தோல் உரிக்கும் நாள்களில் உள்ளே சிறிது ஈரநார் வைக்கலாம்.

பூட்டும் தூய்மையும்

தலை நுழையும் இடுக்கில் உடலும் நுழைந்துவிடும். கதவுக்கும் சட்டத்திற்கும் இடையே, மின்கம்பி நுழையும் துளையில், காற்றோட்டத் துளைகளில் எனத் தப்பும் வழிகள் எங்கெங்கோ இருக்கும். மூடியின்மேல் செங்கல் வைப்பது பூட்டு ஆகாது. பாம்பு இரவெல்லாம் முட்டிப் பார்க்கும் பொறுமை உடையது. நகரும் கண்ணாடிக்கு நகைக்கடைப் பெட்டிகளில் போடும் சாவிப் பூட்டு பொருத்தலாம். தப்பிய பந்து மலைப்பாம்பு பக்கத்து வீட்டில் தென்பட்டால், அதைக் கண்ணாடி விரியன் என்று எண்ணி அடித்துவிடுவதற்கே வாய்ப்பு அதிகம். இரண்டின் உடலிலும் பழுப்பும் கருமையும் கலந்த வட்டங்கள் உண்டு.

எறும்பும் இங்கு ஓர் எதிரி. கூண்டு மேசைமேல் இருந்தால், சமையலறை அலமாரிக்குச் செய்வதுபோல் மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தலாம். எறும்பு மருந்தைத் தூவக் கூடாது. பினாயிலும் கூடாது; அதன் வேதிப்பொருள் ஊர்வனவற்றுக்கு நஞ்சு. சோப்பு நீரில் கழுவி, நன்றாக அலசி, உலரவிட்டால் போதும். அந்த அறையில் கொசுவர்த்தியும் பூச்சிமருந்துத் தெளிப்பும் வேண்டாம். கூண்டைத் தொட்டபின் கையைச் சோப்பிட்டுக் கழுவுவது கட்டாயம். ஊர்வனவற்றின் கழிவில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். சிறு குழந்தைகளுக்கு அது ஆபத்தானது.

வயல் பாம்புகள்

கரும்பு, நிலக்கடலை, மரவள்ளி வயல்களும் கோழிப்பண்ணைகளும் நிறைந்த இச்சமவெளியில் கோழித் தீவனத்தைத் தேடி எலியும், எலியைத் தேடிச் சாரையும் நல்ல பாம்பும் வருகின்றன. பண்ணையில் பிடிபட்ட சாரையை டிரம்மில் போட்டு வளர்க்க நினைப்பவர்கள் உண்டு. சட்டத்தை ஒதுக்கி வைத்துப் பார்த்தாலும் அது நடவாத காரியம். சாரை 6 அடிக்கு மேல் வளரும். பகலில் விரைந்து திரியும் பாம்பு அது. அடைத்தால் சுவரில் மோதி மூக்கை உடைத்துக்கொள்ளும். அதற்குப் போதுமான கூண்டு ஒரு வரப்பும், ஒரு கிணறும், இரண்டு காணி நிலமும்தான்.

வீட்டுக்குள் வந்த பாம்புக்கு ஒரு தற்காலிக இருப்பிடம் தேவைப்படும்போது அதை அமைப்பது பயிற்சி பெற்ற மீட்பாளரின் வேலை. வனத்துறைக்கோ, 101 என்ற எண்ணில் தீயணைப்பு மீட்புப் பணியினருக்கோ சொல்லிவிட்டு, பாம்பிலிருந்து விலகி நின்று அது எங்கே போகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மீட்பாளர்கள் பயன்படுத்துவது தையல் உள்பக்கம் வராத தடித்த பருத்திப் பையை. வாயை முறுக்கிக் கட்டி, காற்றுத்துளை உள்ள வாளிக்குள் வைப்பார்கள். கண்ணாடிப் புட்டியும் நெகிழிக் குடமும் வெயிலில் சில நிமிடங்களில் பாம்பைக் கொன்றுவிடும். கூடியிருப்பவர்களுக்குக் காட்டுவதற்காகப் பையைத் திறப்பதும் கூடாது. அன்றைய தினமே, வெயில் தாழ்ந்த பிறகு, பிடித்த இடத்திலிருந்து மிகவும் தொலைவு போகாமல், நீரும் புதரும் உள்ள இடத்தில் பையின் வாயை அவிழ்த்துத் தரையில் சாய்த்து வைத்துவிட்டு விலகிவிடுவார்கள். பாம்பு தானே வெளியே வந்து ஏதாவது ஒரு வளையைத் தேடிக்கொள்ளும்.